ஹைட்ரஜன்-ஆல்ஃபா வரியில் ஒரு நீலக் கறை: நிறமண்டலத் தாரையின் வேகத்தை எப்படி அளப்பது?

நூற்பாலை_உடுமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உடுமலைக்கு அருகில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைச் சூரியனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். 70 மி.மீ. விட்டமும் 420 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள சிறிய தொலைநோக்கியின் பின்னால், நானே பொருத்திய நிறமாலைவரைவி இருக்கிறது. ஒளி நுழையும் பிளவு 10 மைக்ரான். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 2400 கோடுகள். இணையாக்கும் வில்லை 80 மி.மீ., கேமரா வில்லை 125 மி.மீ.; கேமராவின் பிக்சல் 2.4 மைக்ரான். நிறமண்டலம் எனும் சூரிய வளிமண்டல அடுக்கில் ஹைட்ரஜன் உட்கவர்வதால் விழும் கருங்கோடான ஹைட்ரஜன்-ஆல்ஃபா வரி இருக்கும் 656.28 நானோமீட்டர் பகுதியில் ஒரு பிக்சலுக்கு 0.0063 நானோமீட்டர் வருகிறது. டாப்ளர் கணக்குப்படி (நம்மை நோக்கி வரும் பொருளின் வரி நீலப் பக்கமும், விலகிப் போவதன் வரி சிவப்புப் பக்கமும் நகரும்) அது வினாடிக்கு 2.9 கி.மீ. வேகத்துக்குச் சமம். இந்தக் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடமே கிடையாது, எல்லாம் கேமரா வழியாகத்தான் என்பதை இங்குப் படிக்கும் மாணவர்களுக்காகச் சொல்லி விடுகிறேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சூரிய வட்டின் நடுவுக்கு அருகில் இருந்த ஒரு கரும்புள்ளியின் ஓரத்தில் பிளவை நிறுத்தி, தொலைநோக்கியைச் சூரியனோடு நகரவிட்டு, பத்து வினாடிக்கு ஒரு பதிவு வீதம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை 8.42 மணிப் பதிவில், பிளவின் நீளத்தில் ஏறக்குறைய 12 பிக்சல் அளவுள்ள ஓர் இடத்தில், ஆல்ஃபா வரியின் நீலப் பக்கமாக ஒரு கருங்கறை, மை ஊறிய பஞ்சு போல, வெளியே நீண்டிருந்தது. என் கருவியில் பிளவின் நீளத்தில் ஒரு பிக்சல் என்பது முக்கால் வில்வினாடிக்குச் (ஒரு வில்வினாடி பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) சற்று அதிகம். ஆகவே கறையின் அகலம் 6,500 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் கறை வரியை நோக்கிச் சுருங்கி வந்தது. 8.47 வாக்கில் முற்றிலும் மறைந்துவிட்டது. பிறகு 8.49-லிருந்து அதே இடத்தில், இம்முறை சிவப்புப் பக்கத்தில், மற்றொரு கறை தோன்றி 8.51-இல் நன்றாக நீண்டது.

முதலில் கிளம்பிய தாரை (மேல்நோக்கிப் பீய்ச்சும் வாயு) மறைந்துபோய், வேறொன்று கீழே விழுந்தது என்றுதான் நினைத்தேன். வேகத்தை அறிய, கறை உள்ள இடத்தில் வரியின் முழு உருவத்துக்கும் ஒரு வளைகோட்டைப் பொருத்தி அதன் நடுவைக் கண்டேன். நீலப் பக்கம் 3 பிக்சல், அதாவது வினாடிக்கு 8 அல்லது 9 கி.மீ. மட்டுமே கிடைத்தது. சிவப்புப் பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிறமண்டலத்தில் ஊசிபோல் எழும் மெல்லிய தாரைகளான ஸ்பிக்யூல்களின் வேகம் வினாடிக்கு 20 முதல் 30 கி.மீ. என்றும், புதிய வகை ஸ்பிக்யூல்கள் 50 முதல் 100 கி.மீ. வரை பாயும் என்றும் படித்திருக்கிறேன். என் எண் ஏன் இவ்வளவு சிறியதாக வருகிறது? நான் பார்த்தது தாரைதானா, அல்லது கருவியின் கோளாறா? ஏனென்றால் 8.30-க்கும் 9.15-க்கும் இடையில் நிறமாலை முழுவதுமே 4 பிக்சல் நகர்ந்திருக்கிறது என்பதையும் பிறகுதான் கவனித்தேன். அந்த ஒரு நகர்வு என் நம்பிக்கை முழுவதையும் குலைத்துவிட்டது.


லேத்பட்டறை_பீளமேடு எழுதியது:

கருவியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்; சூரியனைப் பற்றிச் சொல்ல இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வரைவியின் உடல் பிளாஸ்டிக் அச்சில் எடுத்ததாக இருக்கும் என்று கருதுகிறேன். காலை வெயில் ஏற ஏற அது விரியும். முக்கால் மணி நேரத்தில் 4 பிக்சல் என்பது எனக்கு வியப்பாக இல்லை. என் கருவியின் முதல் உடலும் அப்படித்தான் நகர்ந்தது. அலுமினியத்தில் கடைந்து, மேலே வெள்ளைத் துணி சுற்றிய பிறகுதான் அடங்கியது. ஆனால் வெப்பத்தால் வரும் நகர்வுக்கு ஒரு குணம் உண்டு. அது நிறமாலை முழுவதையும், பிளவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எல்லா வரிகளையும் சேர்த்து ஒன்றாக நகர்த்தும். 12 பிக்சல் இடத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு வரியை மட்டும் இழுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்க எந்த வெப்பத்தாலும் முடியாது. பக்கத்தில் 656.92 நானோமீட்டரில் இரும்பின் வரி ஒன்று மெல்லியதாக இருக்கும், பாருங்கள். கறை நீண்டிருந்த பதிவில், அதே உயரத்தில், அந்த இரும்பு வரி நேராக நின்றிருந்தால் நீங்கள் பார்த்தது சூரியனில் நடந்ததுதான். இனி பிக்சல் எண்ணைக் குறித்து வைக்காமல், இரும்பு வரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குறித்து வையுங்கள். உடல் விரிந்தாலும் அந்தக் கணக்கு கெடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. நானும் என் கருவியை இப்படித்தான் நம்பத் தொடங்கினேன். ஆல்ஃபா வரியின் இரு பக்கமும் நம் காற்றிலுள்ள நீராவியின் வரிகள் சில இருக்கின்றன. அவை சூரியனுக்குச் சொந்தமல்ல; அதனால் சூரியன் எப்படிச் சுழன்றாலும் அவை அசையாது. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. கிழக்கு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மேற்கு விளிம்பு விலகிப் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 4 கி.மீ.; உங்கள் கருவியில் அது 1.4 பிக்சல். பிளவை இரு விளிம்புகளிலும் மாறி மாறி வைத்து எடுங்கள். இரும்பு வரி அவ்வளவு நகர்ந்து, நீராவி வரி நின்ற இடத்தில் நின்றால், உங்கள் அளவுகோல் சரி.

கறையின் வடிவம் பற்றி ஒன்று. நீங்கள் நூற்பாலைக்காரர் என்பதால் சொல்கிறேன். பிளவில் ஒரு பஞ்சுத் துகள் ஒட்டினாலும் கருங்கோடு தெரியும். ஆனால் அது அலைநீளம் முழுவதும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நேராக ஓடும். நேரம் போனாலும் மாறாது. நீங்கள் விவரித்தது அதுவன்று.


ஓய்வாசிரியர்_பேரூர் எழுதியது:

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஒளியியல் கற்பித்தவன் என்ற முறையில், உங்கள் கேள்வியைப் படித்ததும் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன், தம்பி. நீங்கள் பார்த்தது மெய்யான தாரை. அளந்த முறையில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று புரிந்துவிட்டால், நிறமாலையில் தாரையைப் படிக்கும் கலையில் பாதி கைவந்துவிடும்.

ஆல்ஃபா வரியின் நடுவில் சூரியனின் ஒளி, வரிக்கு வெளியே உள்ள பின்னணி ஒளியில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வரியின் அகலமும் கணிசமானது. பாதி ஆழத்தில் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். இந்த அகன்ற இருட்டுப் பள்ளத்தை உருவாக்குவது தாரையன்று. தாரைக்குக் கீழேயும் சுற்றிலும் பரந்து கிடக்கும் அமைதியான மண்டலம். தாரை என்பது அதற்கு மேலே மிதக்கும் மெல்லிய, ஒளியைப் பாதியளவு கடத்தும் ஒரு முகில். அது தன் பங்குக்குச் சிறிதளவு ஒளியை, தன் வேகத்துக்கு ஏற்ற அலைநீளத்தில் உட்கவர்கிறது. அச்சடித்த துணியின்மேல் மெல்லிய மல் துணியை விரித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அடியில் உள்ள பூ நகராது. மல் துணி எதன்மேல் வருகிறதோ அங்கே மட்டும் நிழல் கூடும். இரண்டையும் சேர்த்து, எல்லாக் கருமைக்கும் நடுப்புள்ளி எங்கே என்று கேட்டால், பூவுக்கும் மல் துணிக்கும் இடையே எங்கோ ஓர் இடம்தான் விடையாக வரும். உங்களுக்குக் கிடைத்த 8 கி.மீ. அப்படிப்பட்ட விடை. அது எந்தப் பொருளின் வேகமும் அன்று.

ஆகையால் முழு வரியின் நடுவைத் தேடாதீர்கள். கறைக்கு மேலும் கீழும், பிளவில் சற்றே தள்ளி, அதே நேரப் பதிவிலிருந்து அமைதியான பகுதியின் வரி வடிவத்தை எடுங்கள். கறையுள்ள இடத்தின் வடிவத்தை அதிலிருந்து கழித்து, மீதியை அமைதியான வடிவத்தாலேயே வகுங்கள். அப்போது அடியில் உள்ள பூ மறைந்து, மல் துணி மட்டும் தனியே ஒரு மேடாகத் தெரியும். அந்த மேட்டின் உச்சி எத்தனை நானோமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுதான் முகிலின் டாப்ளர் நகர்வு. ஆல்ஃபா வரிக்கு 0.1 நானோமீட்டர் நகர்வு என்றால் வினாடிக்கு 46 கி.மீ. என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிந்தனையை 1964-இல் ஜாக் பெக்கர்ஸ் முறையாக வகுத்தார். முகில் மாதிரி என்று இன்றும் அதற்குப் பெயர். முகிலின் ஒளித்தடிமன் (அது ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பது), அதன் சொந்த ஒளி, வரி அகலம், வேகம் ஆகிய நான்கையும் ஒரே வடிவத்திலிருந்து பிரித்தெடுக்க அது வழிகாட்டுகிறது.

இனி நீங்கள் சொன்ன மறைவுக்கு வருகிறேன். உங்கள் குறிப்பில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த பகுதி இதுதான். 8.47-இல் தாரை மறையவில்லை. மேலே போன பொருள் உச்சியில் வேகம் இழந்து நின்ற நேரம் அது. வேகம் சுழியாகும்போது அதன் உட்கவர்தல் சரியாக வரியின் நடுவில், ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சியிருக்கும் இருட்டுப் பள்ளத்தில் விழுகிறது. இருட்டின்மேல் இருட்டு தெரியாது. பிறகு அதே பொருள் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியதும் சிவப்புச் சிறகில், அதாவது வரியின் சிவப்புப் பக்க ஓரத்தில், வெளிப்பட்டது. அப்படியென்றால் நீங்கள் கண்டவை இரண்டு தாரைகள் அல்ல. ஒரே தாரை ஏறி இறங்கிய கதை. நேரத்தை ஓர் அச்சிலும் அலைநீளத்தை மற்றோர் அச்சிலும் வைத்து அந்த 12 பிக்சல் இடத்தை மட்டும் வரைந்தால், நீலத்திலிருந்து சிவப்புக்குச் சாய்வாக ஓடும் ஒரு கருங்கோடு தெரிய வேண்டும். கரும்புள்ளியின் அருகில் இப்படி எழுந்து வந்த வழியே திரும்பி விழும் ஆல்ஃபா தாரைகளைச் சர்ஜ் என்பார்கள். உங்களுடையது சிறிய சர்ஜ் என்று எண்ணுகிறேன்.

கரும்புள்ளியின் அருகில் பிளவை வைப்பவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம். சில சமயம் வரியின் இரு சிறகுகளும், நடுவிலிருந்து 0.1 நானோமீட்டர் அளவு தள்ளி, ஒரே சமயத்தில் பளிச்சென்று ஒளிரும். நடுவோ வழக்கம்போல் கருப்பாகவே இருக்கும். 1917-இல் எல்லர்மன் விவரித்த வெடிப்புகள் இவை. நிறமாலையில் பார்க்க முறுக்கிவிட்ட மீசை போலவே இருக்கும்; ரஷ்ய வானியலாளர் செவர்னி அதற்கு மீசை என்றே பெயரிட்டார். சர்ஜ்களின் காலடியில் இவை அடிக்கடி தென்படுகின்றன. 8.42-க்கு முந்தைய பதிவுகளில், 8.35-லிருந்தே, கறை கிளம்பிய இடத்தில் மீசை இருந்ததா என்று தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. உங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கே தெரியும் பழனி மலைத்தொடரின் உச்சியில், கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் இதே டாப்ளர் முறையால்தான் கரும்புள்ளியின் இருண்ட நடுவைச் சூழ்ந்த அரைநிழற் பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அந்த வேகம் வினாடிக்கு 2 கி.மீ. அளவுதான். ஒளிப்படத் தட்டில் அது தலைமயிர் அளவுகூட இராத நகர்வு. அதை அவர் நம்பியது, பல வரிகளில், பல நாள்களில், கரும்புள்ளி வட்டின் வெவ்வேறு இடங்களில் நின்றபோது எடுத்துப் பார்த்த பிறகுதான். 3 பிக்சலைக் கண்டு மனம் தளர வேண்டாம்.


நூற்பாலை_உடுமலை எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

நேற்று இரவு பணி முடிந்து வந்து, கழித்து வகுக்கும் வேலையைச் செய்து பார்த்தேன். முதல் பதிவின் மேடு திரையில் தனியாக எழுந்து நின்றபோது, கண் முன்னால் இருந்ததை இத்தனை நாள் காணாமல் இருந்தேனே என்று இருந்தது. 8.42-இல் நீலப் பக்கம் 14.3 பிக்சல், அதாவது வினாடிக்கு 41 கி.மீ. 8.44-இல் 25 கி.மீ. 8.47-ஐ ஒட்டிய பதிவுகளில் மேடு எதுவும் தெரியவில்லை. 8.49-இல் சிவப்புப் பக்கம் 17 கி.மீ. 8.51-இல் 12.2 பிக்சல், 35 கி.மீ. நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடு! இரும்பு வரி அந்த 9 நிமிடங்களிலும் அந்த இடத்தில் அசையவில்லை.

மீசையும் இருந்தது, ஐயா. 8.38-இல் இரு சிறகிலும் மெல்லிய வெண்கோடு. நான்கு நிமிடம் நின்றது. முன்பு அதைக் கேமராவின் இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தேன்.

இப்போது புதிய கேள்வி. இந்த 41 கி.மீ. தாரையின் உண்மையான வேகமா? சூரியனின் ஈர்ப்பைக் கொண்டு சரிபார்க்க வழி உண்டா?


கோபி_நிறமாலை எழுதியது:

கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, இப்போது வெளியூரில் நிறமண்டலத்தைப் பற்றியே ஆய்வு செய்து வருகிறேன். பேரூர் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒன்றைச் சற்றுத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

முதலில் ஈர்ப்பு. சூரியப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 274 மீட்டர். வினாடிக்கு 41 கி.மீ. வேகத்தில் செங்குத்தாக எறியப்பட்ட பொருள் 150 வினாடியில் நின்று, 300 வினாடியில் திரும்பி விழுந்துவிட வேண்டும். உங்கள் தாரையோ 540 வினாடியில் நீலம் 41-லிருந்து சிவப்பு 35-க்கு வந்திருக்கிறது. வேக மாற்றம் 76 கி.மீ.; வகுத்தால் வினாடிக்கு வினாடி 141 மீட்டர். ஈர்ப்பில் பாதிதான். இதற்கு எளிய விளக்கம் சாய்வு. நிறமண்டலத்தில் வாயு காந்தப்புலக் கோட்டின் வழியேதான் ஓட முடியும், வாய்க்கால் நீர் வாய்க்காலை விட்டு ஓட முடியாததைப் போல. கோடு சாய்ந்திருந்தால், அதன் திசையில் ஈர்ப்பின் ஒரு கூறு மட்டுமே இழுக்கும். வட்டின் நடுவில் நாம் மேலிருந்து பார்ப்பதால், நமக்குத் தெரியும் வேகமும் ஒரு கூறு மட்டுமே. இரண்டு முறை கோசைன் பெருகுவதால், சாய்வுக் கோணத்தின் கோசைனின் வர்க்கம் 141-ஐ 274-ஆல் வகுத்த ஈவு. கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 44 பாகை. அப்படியானால் கோட்டின் வழியே உண்மை வேகம் 57 கி.மீ.; அது எட்டிய நீளம் 8,300 கி.மீ. அளவில் இருக்கும். இவை ஈர்ப்பைத் தவிர வேறு விசை இல்லை என்று வைத்துக்கொண்டு வந்த எண்கள் என்பதை மறக்க வேண்டாம். இதைவிடச் சிறிய தாரைகளில், குறிப்பாக ஃபைப்ரில் எனப்படும் குறுந்தாரைகளில், அடியிலுள்ள ஒளிமண்டலத்தின் அதிர்வுகள் மேலேறி அதிர்ச்சி அலையாக மாறி வாயுவைத் தள்ளுகின்றன. அங்கே வேகக் குறைவை முடிவு செய்வது ஈர்ப்பு மட்டுமன்று, அலையின் காலமும் வீச்சும்கூட. தாரை எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு கடுமையாக வேகம் குறையும் என்ற தொடர்பு அவற்றில் காணப்படுவது அதனால்தான்.

இனி அந்தத் திருத்தம். கழித்து வகுத்த மேட்டின் உச்சி, வேகம் அதிகமாக இருக்கும்போது உண்மைக்கு அருகில் இருக்கும். குறையக் குறைய உண்மையைவிட வெளியே தள்ளிக் காட்டும். வரியின் நடுவுக்கு அருகில் அடிமண்டலமே இருட்டாக இருப்பதால், முகில் அங்கே எவ்வளவு உட்கவர்ந்தாலும் வேறுபாடு தெரியாது. ஒளி மிகுந்த சிறகுப் பக்கத்தில்தான் தெரியும். அதனால் உச்சி அந்தப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. உங்கள் 25, 17 என்ற இரண்டு எண்களும் சற்றே மிகையானவை. இரு முனைகளின் எண்களிலும் மிகை கொஞ்சம் இருக்கலாம். முகில் மாதிரியை முழுமையாகப் பொருத்தினால் இது நீங்கும். அதுவரை என் கோணக் கணக்கையும் தோராயம் என்றே கொள்ளுங்கள், அண்ணா.

ஸ்பிக்யூல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றை 1877-இல் ஏஞ்சலோ செக்கி விவரித்தார். 1945-இல் வால்டர் ராபர்ட்ஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். உங்கள் கருவியால் ஸ்பிக்யூலைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. 420 மி.மீ. குவியத்தில் 10 மைக்ரான் பிளவு சூரியனில் 3,500 கி.மீ. அகலத்தை விழுங்குகிறது, ஸ்பிக்யூலின் குறுக்களவு சில நூறு கி.மீ. மட்டுமே. பத்துக்கு மேற்பட்டவை ஒரே பிளவில் கலந்துவிடும். 2007-இல் ஹினோடே விண்கலத்தின் கால்சியம் படங்களில், ஏறி இறங்கும் பழைய வகையோடு, வினாடிக்கு 50 முதல் 100 கி.மீ. வரை பாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இறங்காமலேயே மறைந்துபோகும் இரண்டாம் வகை தெரியவந்தது. அவை வட்டின்மேல் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு 2009-இல் லா பால்மாவின் 1 மீட்டர் சுவீடன் தொலைநோக்கி விடை தந்தது. ஆல்ஃபா வரியின் நீலச் சிறகில் மட்டும் சில பத்து வினாடிகள் நீண்டு மறையும் கீறல்கள் அவை. உங்கள் கறையைப் போல அவை சிவப்புப் பக்கத்துக்குத் திரும்பி வருவதில்லை.

இங்கேதான், என் பார்வையில், நிறமாலையின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. இரண்டாம் வகை எங்கே போகிறது? குளிர்ந்து விழுந்ததா, சூடாகி வேறு வரிக்கு மாறியதா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. 2013 சூன் மாதம் ஏவப்பட்ட ஐரிஸ் விண்கலம், 280 நானோமீட்டர் அருகே உள்ள மக்னீசியம் வரிகளையும் 140 நானோமீட்டர் அருகே உள்ள சிலிக்கான் வரிகளையும் பதிவு செய்கிறது. இந்தப் புற ஊதா வரிகளை நம் வளிமண்டலம் தரைக்கு விடாது. கால்சியத்தில் மறைந்த தாரைகள் மக்னீசியத்திலும், ஏறத்தாழ 80,000 கெல்வின் வெப்பத்தில் ஒளிரும் சிலிக்கானிலும் தொடர்ந்து உயர்ந்து, பிறகு இறங்குவது தெரிந்தது. அதாவது அவை மறையவில்லை, சூடேறின. நீங்கள் 8.47-இல் கண்ட மறைவுக்கும் இதற்கும் காரணம் வேறு. ஆனால் ஒரு வரியில் காணாமல் போவதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல என்பது இரண்டிலும் பொருந்துகிறது.

இந்தத் தாரைகளைக் கிளப்புவது எது என்பதில் ஆய்வு இன்னும் நடக்கிறது. 2017-இல் வெளிவந்த கணினி மாதிரி ஒன்று, மின்னூட்டமற்ற அணுக்கள் காந்தப்புலத்தை நழுவவிடுவதால் அடியில் இறுகிய புலம் மேலே வந்து விசையை விடுவிக்கிறது என்று காட்டியது. 2019-இல் பிக் பேர் ஏரியின் 1.6 மீட்டர் தொலைநோக்கியில், எதிரெதிர்க் காந்த முனைகள் சந்தித்து அழியும் இடங்களில் ஸ்பிக்யூல்கள் கிளம்புவது பதிவானது. உங்கள் சர்ஜின் காலடியில் இருந்த மீசையும், தாழ்வான உயரத்தில் காந்தக் கோடுகள் அறுந்து இணைந்ததன் அடையாளமே.

ஒன்றை மட்டும் மறுபடி பாருங்கள். கறையின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே அலைநீளத்தில் இருந்தனவா, அல்லது ஒரு பக்கம் அதிக நீலமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சாய்ந்திருந்ததா? சாய்ந்திருந்தால் தாரை தன்னைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறியது என்று பொருள் கொள்ளலாம். ஸ்பிக்யூல்களிலேயே வினாடிக்கு 25 முதல் 30 கி.மீ. வேகத்தில் அத்தகைய முறுக்கு அளக்கப்பட்டிருக்கிறது.


காங்கேயம்_காலைவானம் எழுதியது:

ஒரு சிறு கேள்வி. வட்டின்மேல் இவ்வளவு குழப்பம் என்றால், விளிம்பில் பிளவை வைத்துப் பார்ப்பது எளிதல்லவா? அங்கே பின்னணி இருட்டு. ஆல்ஃபா வரி ஒளிர்வாகவே தெரிகிறது. என் கருவியில் விளிம்புக்கு வெளியே சிவந்த ரோமம் போல் தெரிகிறது.


ஓய்வாசிரியர்_பேரூர் எழுதியது:

எளிது போலத் தோன்றும், தம்பி. உங்கள் ஊர்க் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்), கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நிற்கும் காலத்தில், வேலியோரம் குனிந்து தரையோடு தரையாகப் பார்த்திருக்கிறீர்களா? முதல் புல்லும் நூறாவது புல்லும் ஒன்றாகத் தெரியும். எது எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. விளிம்பில் ஸ்பிக்யூல்கள் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தெரிகின்றன. மேலும், விளிம்பில் மேல்நோக்கிய ஓட்டம் நம் பார்வைக்குக் குறுக்கே நிகழ்வதால் டாப்ளரில் மிகக் குறைவாகவே வரும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சாய்வும் ஊசலும் முறுக்கும். ஏற்றத்தின் வேகத்துக்கு வட்டின் நடு, உயரத்துக்கு விளிம்பு.

ஆனால் விளிம்பில் வரியின் அகலம் அரிய செல்வம். 10,000 கெல்வினில் ஹைட்ரஜன் அணுவின் வெப்ப வேகம் வினாடிக்கு 13 கி.மீ.; நாற்பது மடங்கு எடையுள்ள கால்சியத்துக்கு 2 கி.மீ. மட்டுமே. கொந்தளிப்பு இரண்டையும் சமமாக அகலப்படுத்தும், வெப்பமோ இலேசானதை அதிகம் அகலப்படுத்தும். இரு வரிகளின் அகலத்தையும் ஒப்பிட்டால் வெப்பம் வேறு, கொந்தளிப்பு வேறு என்று பிரிக்கலாம். கீற்றணியைத் திருப்பி 393.37 நானோமீட்டர் கால்சியம் வரியையும் எடுங்கள். 587.56-இல் ஹீலியத்தின் மஞ்சள் வரியையும் விளிம்பில் தேடுங்கள். வட்டின்மேல் அநேகமாகத் தெரியாத அந்த வரி விளிம்புக்கு வெளியே ஒளிர்ந்து நிற்கும். ஹீலியம் என்ற தனிமமே 1868-இல் அந்த வரியால்தான் அறியப்பட்டது.

கோபி அம்மணி காட்டிய திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன். வகுத்தலில் வரும் அந்த மிகையை நான் சொல்லியிருக்க வேண்டும்.


நூற்பாலை_உடுமலை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாடியின் சிமென்ட் தளம் எட்டரை மணிக்கே சூடேறிப் படத்தை நடுங்க வைத்ததால், கருவியைத் திருமூர்த்தி அணையின் கரைக்குக் கொண்டுபோனேன். உதயப்பூரிலும் பிக் பேரிலும் ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியதன் காரணம் அங்கே நின்றதும் புரிந்தது. நீருக்கு மேல் காற்று அமைதியாக இருந்தது. கரும்புள்ளியின் விளிம்பு ஒன்பதரை வரை கலங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கும் முன், பங்குனி முடிவதற்குள் இன்னும் சில ஞாயிறுகள் கிடைக்கும்.

பீளமேட்டு அண்ணா சொன்ன சுழற்சிச் சோதனையை அங்கேதான் செய்தேன். கிழக்கு விளிம்புக்கும் மேற்கு விளிம்புக்கும் இடையே இரும்பு வரி 1.3 பிக்சல் நகர்ந்தது. நீராவி வரிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

பழைய கறையை மீண்டும் எடுத்து ஓரங்களைத் தனித்தனியாக அளந்தேன், சகோதரி. 8.42 பதிவில் கரும்புள்ளிப் பக்கத்து ஓரம் எதிர் ஓரத்தைவிட 4 பிக்சல் அதிக நீலமாக இருக்கிறது, 8.44-இலும் அதே பக்கம், 3 பிக்சல். இறங்கும்போது எடுத்த பதிவுகளில் அந்தச் சாய்வு இல்லை. முகில் மாதிரியைப் பொருத்தும் நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் முகிலின் சொந்த ஒளியை மாறிலியாக வைப்பதா, பதிவுக்குப் பதிவு மாறவிடுவதா என்பதில் நிற்கிறேன்.


கோபி_நிறமாலை எழுதியது:

முதலில் மாறிலியாக வையுங்கள், அண்ணா. நான்கையும் ஒரே நேரத்தில் மாறவிட்டால் ஒளித்தடிமனும் சொந்த ஒளியும் ஒன்றையொன்று ஈடுசெய்து, எந்த எண்ணுக்கும் பொருந்திவிடும். 8.42, 8.51 ஆகிய இரண்டு பதிவுகளில் முகில் வரியின் நடுவிலிருந்து நன்றாக விலகி நிற்கிறது. அங்கே கிடைக்கும் மதிப்பை எடுத்து இடைப்பட்ட பதிவுகளுக்கு நிலையாகக் கொடுத்து, வேகத்தையும் தடிமனையும் மட்டும் மாறவிடுங்கள். 8.47-ஐ ஒட்டிய பதிவுகளிலும் அப்போது வரி நடுவின் அகலம் சற்றே கூடியிருப்பது தெரியவரும். ஏறும்போது 4 பிக்சல், அடுத்து 3, இறங்கும்போது எதுவுமில்லை என்ற வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 8.45, 8.46 பதிவுகளின் ஓரங்களையும் அளந்து இங்கே இடுங்கள்.